துண்டும் சேர் அருணாசலமும்

உயர்தர அரசறிவியல் கொப்பியில் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கு நான் கொடுத்திருந்த இடம் மூன்று வரி. 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். பின்னர் அதிலிருந்து விலகினார். 1924 இல் காலமானார். பரீட்சைக்கு அது போதும் என்றுதான் நினைத்தேன். சென்ற வருடம் கல்லூரிச் சமூக சேவைக் கழகத்தில் சேர்ந்து, வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் பெண்களுக்கான ஆட்கடத்தல் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு டீச்சருடன் போகத் தொடங்கிய பிறகே நான்காவது வரியொன்று இருப்பதை அறிந்தேன்.

நாங்கள் இருப்பது புதுக்கடையில். காலையில் பாடசாலைக்குப் போகும்போது கறுப்புக் கோட்டுக்காரர்களையும், நீதிமன்ற வாசலில் கடதாசிக் கட்டோடு நிற்பவர்களையும் விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அங்கிருந்து கொச்சிக்கடைப் பக்கம் போனால் கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் தெரியும். அதை முதலில் கட்டுவித்தவர் அருணாசலத்தின் தகப்பனார் பொன்னம்பல முதலியார். பிறகு கல்லால் எழுப்பியவர் அண்ணன் இராமநாதன். அந்த வழியால் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்ததில்லை.

எழுதப் போகிறேன் என்றதும் மூத்தாப்பா முகத்தைச் சுளித்தார். அதற்குக் காரணம் உண்டு. 1888 இல் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதினார். அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் மறுப்பு எழுதினார். அந்த மனக்கசப்பு எங்கள் பெரியவர்களிடம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அது அண்ணனின் கணக்கு, நான் எழுதுவது தம்பியைப் பற்றி என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

அருணாசலம் 1853 செப்டெம்பர் 14 இல் கொழும்பில் பிறந்தார். இன்று றோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அக்கடமியில் படித்தார். புலமைப் பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரிக்குப் போனார். 1875 இல் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் இலங்கையர் இவர். பல ஊர்களில் நீதவானாக இருந்தார். பிறகு பதிவாளர் நாயகமானார். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளும் காணி உறுதிப் பதிவும் அந்தத் திணைக்களத்தின் வேலை. குழம்பிக் கிடந்த அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார் என்று பெயர் எடுத்தார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் இவர்தான்.

முதலில் இந்தப் பகுதியைச் சலிப்போடுதான் வாசித்தேன். பதிவேட்டில் என்ன பெருமை இருக்கிறது? ஆனால் மூதூர் ரிசானா நபீக்கின் கதை நினைவுக்கு வந்தது. 2005 இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டபோது அவருக்கு என் வயது, பதினேழு. கடவுச்சீட்டிலோ வயது பல வருடம் கூட்டி எழுதப்பட்டிருந்தது. 2013 ஜனவரி 9 இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு பிள்ளையின் பிறந்த திகதி சரியாக எழுதப்பட்டிருப்பதும் அதை யாரும் மாற்ற முடியாமல் இருப்பதும் எவ்வளவு பெரிய காவல் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

1913 இல் அருணாசலம் ஓய்வு பெற்றார். வயது அறுபது. பேரும் வசதியும் நிறைய இருந்தன. சாய்மனைக் கதிரையில் இருந்து புத்தகம் வாசித்துக் காலத்தைக் கழித்திருக்கலாம். ஆனால் 1915 ஜனவரியில் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை ஆரம்பித்தார். நகரத்து ஏழைகளின் படிப்பும் வைத்தியமும் குடியிருப்பும் அதன் வேலையாயின. சம்பளம் இல்லாத வேலை. நாங்கள் இன்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு தொண்டர் என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த வேலையை இந்த நகரத்தில் நூறு வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள்.

கொழும்பு ஏழைகளோடு அவர் நின்றுவிடவில்லை. மலையகத் தோட்டங்களில் இருந்தவர்கள் பக்கமும் திரும்பினார். துண்டு முறையை விளக்காமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது கங்காணி தமிழ்நாட்டில் தன் சொந்த ஊருக்கே போவார். தெரிந்த முகம், தெரிந்த சாதிசனம். முற்பணம் கொடுப்பார். வழிச்செலவு, சாப்பாடு, துணி எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். கடலைக் கடந்து தோட்டத்தில் கால் வைக்கும்போதே கூலியாள் கடனாளி. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன், பணத்தைக் கட்டுகிறவருக்கு இவர்களை விடுகிறேன் என்பதுதான் அதன் சாரம். கங்காணி அந்தத் துண்டைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கூடுதல் முற்பணம் தருகிறவரிடம் ஆட்களைச் சேர்ப்பார். புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டும். மேலதிகப் பணமும் கணக்கில் ஏறும். இப்படி இடம் மாற மாறக் கடன் வளர்ந்தது. பொறுக்க முடியாமல் ஓடினாலோ, 1865 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டப்படி அது குற்றம். மூன்று மாதம் வரை மறியல்.

1919 ஜூனில் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்தார். பெரி சுந்தரம் அதில் அவருக்குத் துணை நின்றார். துண்டு ஒழிய வேண்டும், வேலையை விட்டுப் போனதற்காக மனிதரைச் சிறையில் போடும் சட்டம் ஒழிய வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. அதே வருடம் டிசம்பரில்தான் தேசிய காங்கிரஸ் பிறந்தது. புத்தகம் டிசம்பரை நினைவில் வைத்திருக்கிறது. ஜூனைக் கைவிட்டுவிட்டது.

1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தண்டனைப் பிரிவுகளும் அதையொட்டி நீங்கின. இதை அவர் தனியாளாகச் சாதித்தார் என்று சொன்னால் பொய். இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. அவர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவரும் அல்லர். ஆனாலும் சட்டம் தெரிந்த, பதவியில் இருந்த ஒருவர், கூலிகளின் கடன் சீட்டு தனக்கும் சம்பந்தமான விடயம் என்று எடுத்துக்கொண்டது அக்காலத்தில் சாதாரணமல்ல. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்காகப் பெரிய போராட்டம் நடத்தியது அதற்குப் பிறகு.

அருணாசலம் 1924 ஜனவரி 9 இல் தல யாத்திரை போன இடத்தில், மதுரையில் காலமானார். திகதியைக் கொப்பியில் எழுதும்போது கை நின்றது. ரிசானாவின் திகதியும் அதுதான். தற்செயல், வேறொன்றுமில்லை. என்றாலும் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

துண்டு என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது மலையகமல்ல, எங்கள் சாச்சி. சில வருடங்களுக்கு முன் ஒரு சப் ஏஜென்ட் வீடு தேடி வந்தார். அவரும் தெரிந்த முகம்தான். சலாம் சொல்லி, தேநீர் குடித்து, கையில் முற்பணம் வைத்துவிட்டுப் போனார். குவைத்தில் சாச்சியின் கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். நாலாம் மாதம் உடம்புக்கு முடியாமல் திரும்பி வர வேண்டும் என்று அழுதபோது, முற்பணத்தையும் மற்றச் செலவையும் சேர்த்துக் கட்டினால் விடலாம் என்று இங்கே சொன்னார்கள். வாப்பா கடன்பட்டுக் கட்டினார். உம்மா காப்பை விற்றார். அந்தக் கணக்கு எழுதிய கடதாசி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. சாச்சி அதைப் பார்க்க விரும்புவதில்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது, என் பெயரை மட்டும் போடாதே என்றார்.

இப்போது சட்டம் இருக்கிறது. ஆட்கடத்தல் 2006 இலிருந்து தண்டனைக் கோவையில் 360சி என்ற பிரிவின் கீழ் குற்றம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் சாச்சியின் கதையில் ஒருவருக்கும் அந்த இலக்கம் தெரிந்திருக்கவில்லை. தொண்டர்கள் தேவைப்படுவது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கூட்டங்களில் என் வேலை சின்னது. ஒப்பந்தக் கடதாசி தங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் பெண்களுக்கு, டீச்சர் பக்கத்தில் இருக்க, வரி வரியாகத் தமிழில் சொல்வேன். விசிற் விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் போக வேண்டாம், கடவுச்சீட்டின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்பேன். போன மாதம் துண்டின் கதையையும் சொன்னேன். பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு ராத்தா கூட்டம் முடிந்ததும் வந்து, கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். முகவர் கொடுத்த தாள். வாங்கிய முற்பணம் எவ்வளவு, இடையில் திரும்பி வந்தால் கட்ட வேண்டியது எவ்வளவு என்று அதில் இருந்தது. இரண்டாவது தொகை முதலாவதைவிடப் பெரியது. வாசித்துச் சொன்னேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாளைத் திரும்ப மடித்துக்கொண்டு, கையெழுத்து இன்னும் வைக்கவில்லை என்றார்.