வெயிலுக்கு ஏமாறாத லாம்டன்

எவரெஸ்ட் சிகரத்தின் பெயரை அறியாதவர் இல்லை. எவரெஸ்ட் என்பது ஒரு மனிதரின் பெயர். இந்தியாவை அளந்த இலாகாவுக்குத் தலைவராக இருந்தவர் அவர். அவருக்கும் முன்னால் அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் வில்லியம் லாம்டன்.

அந்த வேலையை அவர் தொடங்கிய இடம், சென்னையை அடுத்த பரங்கிமலை. தொடங்கிய நாள், 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி. கோடை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த வெயில்தான் அவருக்கு முதல் எதிரி. ஆனால் அவர் கவலைப்பட்டது தம் உடம்பைப் பற்றி அல்ல. தம்மிடம் இருந்த எஃகுச் சங்கிலியைப் பற்றி!

ஏழை வீட்டுப் பிள்ளை

லாம்டன் இங்கிலாந்தில், யார்க்ஷயர் பகுதியில், 1753-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். ஏழைக் குடும்பம். ஆனால் கணக்கில் கெட்டிக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து, பல ஆண்டுகளை வட அமெரிக்காவில் கழித்தார். சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போய், ஒரு கண்ணின் பார்வை கெட்டது. மற்றொரு கண்ணைக் கொண்டே பிறகு நாடு முழுவதையும் அளக்கப் புறப்பட்டார்.

பிறகு அவர் இந்தியாவுக்கு வந்தார். 1799-ல் திப்பு சுல்தானுடன் நடந்த போரில் பங்கு கொண்டார். அப்போது ஒரு நாள் இரவு, பெயர்டு என்ற தளபதியின் படை வழி தவறி, எதிரியின் பக்கமே போய்க் கொண்டிருந்தது. லாம்டன் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்தார். திசை தவறிவிட்டதென்று உடனே சொன்னார். தளபதி முதலில் நம்பவில்லை. திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது, லாம்டன் சொன்னதே சரியாக இருந்தது. படை தப்பியது.

போர் முடிந்தபின், அவர் சர்க்காருக்கு ஒரு யோசனை சொன்னார். தென்னாட்டைக் கடற்கரைக்குக் கடற்கரை துல்லியமாக அளக்க வேண்டும். அதன் மூலம் பூமியின் வடிவத்தையும் கணக்கிட வேண்டும் என்பதே அது. சர்க்கார் சம்மதித்தது.

ஒரு கோடு, ஆயிரம் முக்கோணம்

நாடு முழுவதும் சங்கிலி போட்டு அளக்க யாராலும் முடியாது. காடும் மலையும் ஆறும் குறுக்கே நிற்கும். ஆகவே லாம்டன் முக்கோணக் கணக்கைக் கையாண்டார்.

ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும், இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே கண்டுபிடித்து விடலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். அதை வைத்து அதற்கடுத்த முக்கோணம். இப்படியே குன்றுக்குக் குன்று தாவிப் போகலாம்.

ஆனால் முதல் கோட்டைத் தரையில் அளந்தே தீர வேண்டும். அதில் பிழை வந்தால், பின்னால் வரும் எல்லா முக்கோணங்களும் பிழை!

அந்த முதல் கோடுதான் பரங்கிமலை அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி அளக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் ஏழரை மைல்.

சங்கிலிக்கு ஒரு பெட்டி

லாம்டனின் சங்கிலிக்கு ஒரு கதை உண்டு. 1793-ல் சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசு கொடுப்பதற்காக, ஆங்கிலத் தூதர்கள் கொண்டு போன பொருள்களில் அதுவும் ஒன்று. சீனாவில் அதற்கு மதிப்புக் கிடைக்கவில்லை. அது கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து லாம்டன் கைக்கு வந்தது. அதன் நீளம் 100 அடி. இரண்டரை அடி நீளமுள்ள 40 எஃகுக் கண்ணிகள் கொண்டது.

எஃகு சூடானால் நீளும். இதைக் கொல்லுப் பட்டறையில் எல்லோரும் பார்த்திருக்கலாம். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்புப் பட்டையை, கொல்லர் நெருப்பில் காய்ச்சி மாட்டுவார். காய்ச்சும்போது பட்டை விரியும். தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, சக்கரத்தை இறுகப் பிடித்துக் கொள்ளும்.

சங்கிலியும் அப்படித்தான். சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடினால், 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் ஏழில் ஒரு பங்கு நீளும். இது அற்பம் என்று தோன்றும். ஆனால் ஏழரை மைலுக்குச் சுமார் 400 தடவை சங்கிலியைப் போட வேண்டும். 400 தடவையும் இந்தப் பிழை சேர்ந்தால், நாலரை அடிக்கு மேல் ஆகிவிடும்!

ஆகவே லாம்டன் சங்கிலியைத் தரையில் போடவே இல்லை. முக்காலிகளின் மேல் நீண்ட மரப்பெட்டிகளை வரிசையாக வைத்தார். அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார். அதனால் சங்கிலி தொய்யவில்லை. சுடு மணலிலும் படவில்லை. பெட்டிகளுக்குள் வெப்பமானிகளை வைத்தார். ஒவ்வொரு தடவையும் வெப்பத்தைக் குறித்துக் கொண்டு, நீண்ட அளவைக் கணக்கில் சேர்த்துக் கொண்டார்.

இன்னொரு சங்கிலியையும் அவர் வைத்திருந்தார். அதைத் தினசரி வேலைக்கு எடுக்காமல், முதல் சங்கிலியைச் சரிபார்க்க மட்டுமே பயன்படுத்தினார். கருவியை நம்பலாம், ஆனால் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது அவர் வழி.

உழைப்பின் பலன்

1804-ல் பெங்களூர் அருகே மற்றொரு கோடு அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணக் கணக்கில் வந்த நீளத்துக்கும், தரையில் அளந்த நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்க்கப்பட்டது. நான்கு அங்குலம்கூட இல்லை!

சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்தபோது, பழைய படங்கள் தென்னாட்டைச் சுமார் 40 மைல் அகலமாகக் காட்டியிருந்தது தெரிய வந்தது.

1808-ல் ஒரு பெரிய ஆபத்து வந்தது. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல், அரை டன் எடையுள்ள கோணம் அளக்கும் கருவியை ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பித்தளை வட்டம் நெளிந்தது. லாம்டன் மனம் தளரவில்லை. கூடாரத்துக்குள் அமர்ந்து, பல வாரம் பாடுபட்டு, தம் கையாலேயே அதைச் சரி செய்தார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து உழைத்தார். 1823-ம் ஆண்டு ஜனவரி மாதம், நாகபுரியை நோக்கிப் போகும் வழியில், இங்கன்காட் என்ற ஊரில் உயிர் நீத்தார். அவருடைய சமாதி அங்கேயே இருக்கிறது.

அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட், வெயிலை வெல்ல இன்னும் நல்ல கருவியைக் கொண்டு வந்தார். ஓர் இரும்புக் கம்பி, ஒரு பித்தளைக் கம்பி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் பிணைத்திருந்தார்கள். பித்தளை இரும்பைவிட அதிகம் நீளும். அந்த வித்தியாசத்தைக் கொண்டே, இரு முனையிலும் உள்ள புள்ளிகள் இடம் மாறாதபடி செய்திருந்தார்கள். அப்படியும் அந்தக் கம்பிகளைக் கூடாரத்தின் நிழலில் வைத்தே அளந்தார்கள்.

லாம்டன் பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணங்கள் வடக்கே வளர்ந்து, இமயமலை வரை போயின. உலகத்தின் மிக உயர்ந்த சிகரம் எது என்பது, 1852-ல் அந்தக் கணக்கிலிருந்தே தெரிந்தது. 1865-ல் அதற்கு எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார்கள்.

சிகரத்துக்குப் பெயர் ஒருவருடையது. அடித்தளம் இன்னொருவருடையது. ஏழில் ஒரு பங்கு அங்குலத்தை அற்பம் என்று ஒதுக்காத மனிதர் போட்ட அடித்தளம் அது.