ஜெனரல் வில்லியம் பூத்

இங்கிலாந்திலுள்ள நாட்டிங்காம் நகரில் 1829-ம் ஆண்டு வில்லியம் பூத் பிறந்தார். தந்தையார் தொழிலில் நொடித்துப்போனமையால், பதின்மூன்றாம் பிராயத்திலேயே ஓர் அடகுக்கடையில் பணி பயிலச் சேர்ந்தார். வறியோர் தம் உடைமைகளை ஒவ்வொன்றாய் இழந்து சிறுமையுறுதலை அங்கே நாள்தோறும் கண்டார்.

பின்னர் மெதடிஸ்டு போதகராகி, 1855-ல் காதரீன் மம்போர்டு அம்மையாரை மணந்தார். 1861-ல் சபைப் பதவியைத் துறந்து, 1865-ல் கீழை லண்டன் வீதிகளில் பிரசங்கிக்கத் தொடங்கினார். அங்கே தோன்றிய ஊழியமே 1878-ல் இரட்சணிய சேனை எனப் பெயர் பெற்றது.

1887-ன் இறுதியில், லண்டன் பாலத்தடியில் வீடற்றோர் இரவில் கிடத்தலைக் கண்டு மனம் பொறாதவரானார். மறு ஆண்டே லைம்ஹவுஸில் உணவும் உறைவிடமும் அளிக்கும் இல்லமொன்று திறக்கப்பட்டது. பசித்தவன் செவியில் பிரசங்கம் ஏறாதென்பதை அவர் நன்கறிந்திருந்தார். குடியை வன்மையாய்க் கண்டித்தவரெனினும், ஏழைக்கு ஒளியும் வெம்மையும் தரும் இடம் மதுக்கடை ஒன்றே என்பதையும் உணர்ந்தார். ஆதலின் குடியைத் தடுத்தல் மட்டும் போதாது, குடித்தவனுக்கு வேறோரிடமும் தொழிலும் வேண்டுமென்பது அவர் துணிபு.

1890-ல், "இருள்சூழ் இங்கிலாந்தும் வெளியேறும் வழியும்" எனப் பொருள்படும் நூலை, ஸ்டெட் என்னும் பத்திராசிரியர் துணையுடன் வெளியிட்டார். லண்டன் வண்டிக் குதிரை வீழ்ந்தால், அது வீழ்ந்த காரணத்தை எவரும் விசாரித்து நில்லாது தூக்கி நிறுத்துவர். உயிருள்ளளவும் அதற்கு உணவும் உறையுளும் வேலையும் உண்டு. மனிதனுக்கு அத்துணையேனும் வேண்டாவோ என்று அந்நூல் வினவியது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அருமை மனைவியார் புற்றுநோயால் மறைந்தார். துயரம் அவரைத் தளர்த்தவில்லை.

தம் திட்டத்திற்கு ஒரு லட்சம் பவுன் வேண்டினார்; சில மாதங்களில் அது சேர்ந்தது. பேரறிஞர் ஹக்ஸ்லி கடுமையாய் எதிர்த்தார். பணம் செலவாகும் விதத்தைச் சிலர் ஐயுற்றனர். 1892-ல் ஆராய்ந்த குழுவினர் அதில் முறைகேடு காணவில்லை. எஸ்ஸெக்ஸிலுள்ள ஹாட்லியில் 1891-ல் பண்ணைக் குடியேற்றம் எழுந்தது. நகரத்தில் வேலையற்றோர் ஆங்கு உழைத்துப் பயின்றனர். கடல் கடந்து குடியேற்றும் மூன்றாம் பகுதியோ அவர் எண்ணியவாறு நிறைவேறிற்றில்லை.

முதுமையில் பார்வையிழந்து, 1912 ஆகஸ்டு 20-ந் தேதி காலமானார். சேனையின் விடுதிகள் பல நாடுகளில் இன்றும் வீடற்றோரை ஏற்கின்றன. வீதியோரம் கிடப்பவனைக் காணும் மாணவன், அவன் எங்ஙனம் வீழ்ந்தானென்று முதலில் வினவுகிறானா, கை நீட்டுகிறானா? பூத் வாழ்க்கை நமக்கு விடுக்கும் சோதனை அதுவே.