பிறநாட்டு மெட்டும் முத்துசுவாமி தீட்சிதரும்

சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் அவதரித்த திருத்தலம் திருவாரூர். அவர்களுள் வயதில் இளையவர் முத்துசுவாமி தீட்சிதர் அவர்கள். ஹம்சத்வனி இராகத்தை உலகுக்கு அளித்த இராமசுவாமி தீட்சிதரின் புதல்வராக 1775ஆம் ஆண்டிற் பிறந்தார்.

குடும்பம் சென்னைக்கு அண்மையிலுள்ள மணலியிற் குடியேறியிருந்த காலத்தில், சிதம்பரநாத யோகி என்னும் பெரியார் அவரைக் காசிக்கு அழைத்துச் சென்றார். புகைவண்டி இல்லாத அக்காலத்தில் அது மிக நெடிய யாத்திரை. அங்கே சில ஆண்டுகள் குருவுக்குப் பணிவிடை செய்தும் வேதாந்தம் கற்றும் வாழ்ந்தார். வடநாட்டாரின் துருபத கானமும் அவர் செவியிற் பாய்ந்தது. அதன் நிதானமான நடை பின்னர் அவருடைய கீர்த்தனைகளிற் குடிகொண்டது. திருவானைக்காவில் நீர்வடிவாய் எழுந்தருளிய ஈசனைத் துதிக்கும் ஜம்பூபதே என்னும் கீர்த்தனையை, வடநாட்டுச் சாயலுள்ள யமுனாகல்யாணியிலேயே பாடினார்.

ஊர் திரும்பியபின் திருத்தணிகை முருகன் சந்நிதியில் முதற் கீர்த்தனை பிறந்தது. குருகுக என்பதே அவர் முத்திரையாயிற்று.

மணலியில் அவரை ஆதரித்த முதலியார், புனித ஜோர்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்பித்தார். தீட்சிதர் அதனை அந்நியம் என்று தள்ளிவிடவில்லை. அம்மெட்டுக்களுக்கு வடமொழியில் தெய்வத்துதிகள் இயற்றினார். ஏறக்குறைய 40 வரையிலான அவை நொட்டுஸ்வரங்கள் எனப்படும். அயர்லாந்து மக்களின் ஆட்டப்பாட்டு மெட்டொன்றில் மதுரை மீனாட்சி எழுந்தருளினாள். ஆங்கில மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில், மன்னருக்குப் பதிலாகச் சங்கீத சியாமளை வீற்றிருந்தாள்! இளையவர் பாலுசுவாமியோ ஐரோப்பிய வயலினைப் பயின்று, அதனைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார்.

பிறர் மெட்டைப் பாடினால் நம் சமயம் தளருமோ என்று பெரியோர் சிலர் அஞ்சுகின்றனர். நம்முடையது பழசு என்று இளைஞர் சிலர் ஒதுக்குகின்றனர். மிஷன் பாடசாலையிற் பியானோ இசை கேட்டு வளர்ந்த யாமும் இவ்விரண்டுக்கும் நடுவே தடுமாறியதுண்டு. இரு சாராருக்கும் தீட்சிதர் வாழ்வே விடை கூறுகின்றது. அவர் செவி எத்திசைக்கும் திறந்திருந்தது. உள்ளமோ குருகுகன் திருவடியை விட்டு அகலவில்லை. வேர் ஆழ்ந்த மரத்தை எக்காற்றும் சாய்ப்பதில்லை.

1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று எட்டயபுரத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் சமாதி இன்றும் அங்குள்ளது.

கடல் கடந்து வந்து இந்த மலைச்சாரலில் வேரூன்றியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இரத்தோட்டை வாலிபர்களே, தேவாரமும் திருப்புகழும் முதலிற் கற்போம். பின்னர் உலகின் இசை யாவற்றையும் அஞ்சாது கேட்போமாக!