நெஞ்சின் ஒலி கேட்ட மரக்குழல்

மரக்குழலின் அருமையை நாமகிரிப்பேட்டை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணனின் நாதஸ்வரம் அந்த ஊரின் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்தது. இசை தரும் குழலே நோயைக் கண்டறியவும் உதவும் என்று உலகுக்குக் காட்டியவர், பிரெஞ்சு டாக்டர் ரெனே லெனெக். ஸ்டெதாஸ்கோப்பைத் தந்த மேதை அவர்.

பிரான்சின் கெம்பேர் நகரில் 1781-ல் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். நாந்த் நகரில் டாக்டராக இருந்த சித்தப்பா அவரை வளர்த்து, வைத்தியத்தில் நாட்டம் கொள்ளச் செய்தார். லெனெக்குக்குப் புல்லாங்குழல் வாசிக்கவும் தெரியும்.

காகிதம் செய்த அற்புதம்

1816-ம் ஆண்டு. இதய நோயுள்ள ஓர் இளம்பெண் அவரிடம் வந்தாள். உடல் பருத்திருந்ததால், தட்டிப் பார்த்தும் பயனில்லை. மார்பில் காதை வைத்துக் கேட்பதோ முறையல்ல. மரக்கட்டையின் ஒரு முனையில் கீறினால் மறுமுனையில் ஓசை கேட்கும் என்பது அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. காகிதக் கட்டை இறுகச் சுருட்டி மார்பில் வைத்தார். என்ன ஆச்சரியம்! காதை நேரே வைத்தபோது கேட்டதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது.

அத்துடன் அவர் நிற்கவில்லை. மரம், உலோகம், கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் சோதித்தார். மிகக் கடினமான பொருள்களைவிட மரமும் காகிதமும் பிரம்புமே ஒலியை நன்கு கடத்தின. சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மரக்குழலைத் தம் கையாலேயே கடைந்தார். மூச்சின் ஒலிக்குக் குழலின் அடிப்பகுதி புனல்போல் திறந்திருக்க வேண்டும். இதய ஒலிக்கு அதில் அடைப்பைச் செருக வேண்டும். இந்த நுட்பங்களை 1819-ல் நூலாக வெளியிட்டார்.

இன்றும் அதே கேள்வி

இன்றைய எலெக்ட்ரானிக் ஸ்டெதாஸ்கோப்பில் மைக், மார்பின் ஒலியை மின்சாரமாக மாற்றிப் பெருக்குகிறது. ஆனால் சத்தம் பெரிதானால் போதுமா? போதாது. சுற்றுப்புற இரைச்சலும் கூடவே பெருகிவிடும். ஆகவே, அளவு தெரிந்த ஒலியைக் கருவிக்குள் செலுத்தி, தாழ்ந்த சுருதியிலும் உயர்ந்த சுருதியிலும் எவ்வளவு வெளிவருகிறது என்று அளக்கிறார்கள். இதய ஒலி பெரும்பாலும் தாழ்ந்த சுருதி. மூச்சின் ஒலி அதைவிட உயர்ந்தது. ஒன்றைப் பெருக்கி மற்றொன்றை விழுங்கும் கருவி டாக்டரையே ஏமாற்றிவிடும்.

க்ஷய நோயின் ஒலிகளை உலகுக்கு விளக்கிய லெனெக்கையும் அதே க்ஷயம் பற்றிக்கொண்டது. உறவினரான டாக்டர் மெரியாதெக்கிடம் தம் மார்பைச் சோதிக்கச் சொன்னார். கேட்ட ஒலிகள் எவை என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? 1826 ஆகஸ்டு 13-ந்தேதி, 45-வது வயதில் மறைந்தார். அவரது ஸ்டெதாஸ்கோப் மெரியாதெக்குக்கே போய்ச் சேர்ந்தது.