ஆடம் பொலிட்சர்

ஆடம் பொலிட்சர் (அக்டோபர் 1, 1835 – ஆகஸ்ட் 10, 1920) ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பணியாற்றிய காது மருத்துவர் ஆவார். காது மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநிறுத்தியவர்களுள் ஒருவர். இளம் வயதினரின் செவித்திறனைப் படிப்படியாகக் குறைக்கும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோய்க்கான காரணத்தை விளக்கியமைக்காகச் சிறப்பாக அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

ஹங்கேரியின் அல்பெர்த்தி என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1859 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனி, பாரிஸ், இலண்டன் ஆகிய இடங்களுக்குச் சென்று பயிற்சி பெற்றார். 1861 இல் வியன்னாவில் காது மருத்துவ விரிவுரையாளரானார். 1873 இல் யோசப் குரூபருடன் இணைந்து வியன்னா பொது மருத்துவமனையில் காது நோய்களுக்கான பல்கலைக்கழகப் பிரிவைத் தொடங்கினார். 1907 இல் ஓய்வு பெற்றார்.

காற்றுச் செலுத்தும் முறை

நடுச்செவியையும் தொண்டையையும் இணைப்பது யூஸ்டேசியன் குழாய். இது அடைபட்டால் செவித்திறன் குறையும். 1863 இல் பொலிட்சர் எளிய முறையொன்றை வெளியிட்டார். நோயாளி நீரை விழுங்கும்போது, இரப்பர்க் குமிழால் மூக்கின் வழியே காற்றுச் செலுத்தப்படும். அடைப்பு நீங்கினால் செவித்திறன் மேம்படும். இதனால் இம்முறை சிகிச்சையாக மட்டுமன்றி, நோயறியும் சோதனையாகவும் பயன்பட்டது.

ஓட்டோஸ்கிளிரோசிஸ்

இளைஞர் ஒருவரின் செவித்திறன் ஆண்டுதோறும் குறைந்து வந்தால், நடுச்செவியின் நாட்பட்ட அழற்சியே காரணம் என்று அக்கால மருத்துவர்கள் பலர் கருதினர். ஆயினும் இவர்களுள் சிலருக்குச் செவிப்பறை இயல்பாகவே இருந்தது. குழாயிலும் அடைப்பு இல்லை. காற்றுச் செலுத்தியும் பயன் கிட்டவில்லை. அங்கவடி எலும்பு அசைவற்று இறுகிப்போவதை இங்கிலாந்தின் யோசப் டொயின்பி முன்னரே கண்டறிந்திருந்தார். ஆனால் அதன் தோற்றுவாய் தெளிவாகவில்லை.

பொலிட்சர் இறந்தோரின் காது எலும்புகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நோய் நடுச்செவிச் சவ்வில் தொடங்குவதில்லை என்றும், உட்செவியைச் சூழ்ந்த எலும்பிலேயே தொடங்குகிறது என்றும் 1893 இல் அறிவித்தார். அவ்வெலும்பில் தோன்றும் புதிய வளர்ச்சி அங்கவடியின் அடித்தட்டைப் பிணைத்துவிடுவதால், ஒலியதிர்வு உட்செவியைச் சென்றடைவதில்லை.

முக்கியத்துவம்

காரணம் தெளிவானதால், பயனற்ற அழற்சிச் சிகிச்சைகளிலிருந்து இந்நோயாளிகளைப் பிரித்தறிய வழி பிறந்தது. இன்று குடும்ப வரலாறு, இசைக்கவைச் சோதனை, செவித்திறன் அளவீடு ஆகியவற்றின் துணையுடன் இந்நோய் அறியப்படுகிறது. காற்றுவழிக் கேட்டல் குறைந்தும் எலும்புவழிக் கேட்டல் பெரிதும் குறையாமலும் இருப்பது இதன் முக்கிய அடையாளம். இறுகிய அங்கவடியை அகற்றிச் செயற்கை உறுப்பைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை 1956 இல் அமெரிக்கரான ஜான் ஷியா மேற்கொண்டார். அது பொலிட்சரின் மறைவுக்கு 36 ஆண்டுகளுக்குப் பின்னர் ஆகும்.

நூல்கள்

செவிப்பறையின் தோற்றங்களைப் பற்றிய நூலை 1865 இல் வெளியிட்டார். காது மருத்துவத்தின் வரலாற்றை இரு தொகுதிகளாக (1907, 1913) எழுதினார்.