51ஆம் இலக்கப் படம்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்களுக்கு டி.என்.ஏ. என்றதும் வாட்சன், கிரிக் என்ற இரு பெயர்களே வாயில் வரும். அவற்றோடு ஒரு பெண்ணின் பெயரையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அவர்தான் ரோசலிண்ட் பிராங்ளின்.

1920 ஜூலை 25ஆம் திகதி இலண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்த பாடசாலைகள் ஒரு சிலவே இருந்த காலம் அது. அப்படியொரு பாடசாலையில் படித்து, 1938இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரிக்குச் சென்றார். பரீட்சையில் சித்தியடைந்தாலும் ஆண்களுக்குச் சமமான பட்டத்தை அப்போது அங்கே பெண்களுக்குக் கொடுப்பதில்லை. ஆனாலும் அவர் ஓயவில்லை. நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து 1945இல் கலாநிதியானார். 1947இல் பரிஸுக்குச் சென்று, ஒரு பொருளினூடாக எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அவை சிதறும் கோலத்திலிருந்து அதன் உள்ளமைப்பைக் கணிக்கும் முறையில் தேர்ச்சி பெற்றார்.

1951இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ. ஆய்வைத் தொடங்கினார். பொஸ்பேற்றுக் கூட்டங்கள் மூலக்கூற்றின் வெளிப்புறத்தில் இருக்கின்றன என்று கண்டார். 1952 மே மாதம் அவரும் மாணவர் ரேமண்ட் கொஸ்லிங்கும் எடுத்த 51ஆம் இலக்கப் படத்தில், கரும்புள்ளிகள் பெருக்கல் அடையாளம் போலத் தெரிந்தன. அது சுருளி வடிவத்துக்கான சான்று.

1953 ஜனவரியில் சக ஆய்வாளர் மொரிஸ் வில்கின்ஸ் அப்படத்தைப் பிராங்ளினுக்குத் தெரியாமல் ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். அவருடைய அளவீடுகள் அடங்கிய அறிக்கையொன்றும் பிரான்சிஸ் கிரிக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடெனின் தைமினுடனும் குவானின் சைற்றோசினுடனும் சோடி சேர்வதைக் கண்டுபிடித்தவர்கள் வாட்சனும் கிரிக்கும்தான். இந்தச் சோடிகளால்தான், இரு இழைகளும் பிரியும்போது ஒவ்வொன்றும் புதிய இழைக்கு அச்சாக அமைகிறது. அந்தப் பெருமை அவர்களுக்குரியது. ஆனால் அவர்களுடைய மாதிரியுருவைத் தாங்கி நின்ற அளவீடுகளில் முக்கியமானவை பிராங்ளினுடையவை. 1953 ஏப்ரல் 25ஆம் திகதி ‘நேச்சர்’ இதழில் அவருடைய கட்டுரை மூன்றாவதாக வெளிவந்தது. படித்தவர்களுக்கு அது மற்றவர்களின் கண்டுபிடிப்புக்கு வெறும் துணைச்சான்றாகவே தோன்றியது.

அதன்பின் பேர்க்பெக் கல்லூரியில் வைரசுகளின் அமைப்பை ஆராய்ந்தார். 1956இல் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின்னரும் ஆய்வைக் கைவிடவில்லை. 1958 ஏப்ரல் 16ஆம் திகதி, 37 வயதில் காலமானார். டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றும் சேர்கின்றன என்று மெசல்சனும் ஸ்ராலும் பரிசோதனையால் நிறுவியதும் அதே ஆண்டில்தான். 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். இறந்தவரின் பெயர் அப்பரிசுக்குப் பரிசீலிக்கப்படுவதில்லை.

ஒருவருடைய உழைப்பும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தான் என்று நான் நினைக்கிறேன். பரீட்சையில் இரு பெயர்களை எழுதினாலே புள்ளி கிடைத்துவிடும். ஆனாலும் தங்கைமாருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது பிராங்ளினின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.