சிறைவாசிகளுக்காக எழுதிய தலைமைக் காழி: இமாம் அபூ யூசுஃப் (ரஹ்)

அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சிக் காலம். பைத்துல்மாலில் செல்வம் குவிந்துகிடந்த அந்த நாட்களில், தெருக்களில் வேதனையான ஒரு காட்சியையும் காண முடிந்தது. விலங்கு பூட்டப்பட்ட கைதிகளைச் சிறையிலிருந்து வெளியே அனுப்புவார்கள். அவர்கள் விலங்கை இழுத்துக்கொண்டே மக்களிடம் ஸதகா கேட்பார்கள். அப்படிக் கிடைப்பதுதான் அவர்களுக்கு உணவு.

இந்தக் கொடுமையைக் கலீஃபாவிடமே எழுத்து மூலம் எடுத்துச் சொன்னவர் ஒருவர் இருந்தார். அவர்தான் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்). ஹனஃபி மத்ஹபின் பெரும் இமாம்களில் ஒருவராகவும், இஸ்லாமிய வரலாற்றில் ‘காழில் குழாத்’ எனும் தலைமை நீதிபதிப் பட்டம் பெற்ற முதல் மனிதராகவும் அவரை நாம் அறிவோம். சிறைவாசிகளின் உரிமைக்காக அவர் எழுதியது நம்மில் பலருக்குத் தெரியாது.

வறுமையில் வளர்ந்த மாணவர்

யஃகூப் இப்னு இப்ராஹீம் என்பது அவரது இயற்பெயர். ஹிஜ்ரி 113இல் (கி.பி. 731) கூஃபாவில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரை, துணி வெளுப்பவர் ஒருவரிடம் தாய் வேலைக்குச் சேர்த்துவிட்டார் என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. சிறுவனோ வேலைக்குச் செல்லும் வழியில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாட வகுப்பில் போய் அமர்ந்துவிடுவான். நிலைமையை அறிந்த இமாம், அவனுடைய செலவுக்குத் தம் கையிலிருந்தே பணம் கொடுத்துப் படிக்க வைத்தார். தீர்ந்துவிட்டது என்று அவன் வாய் திறந்து கேட்கும் முன்பே அடுத்த உதவி வந்துசேரும்.

அந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பதற்குச் சரித நூல்களில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. இமாம் அபூ ஹனீஃபாவின் பக்கத்து வீட்டில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் வசித்தார். பகல் முழுவதும் உழைப்பார். இரவானால் குடித்துவிட்டு, தன்னைத் தன் மக்கள் வீணாக்கிவிட்டார்கள் என்ற பொருளில் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே உறங்கிவிடுவார். இரவுத் தொழுகையில் நிற்கும் இமாமின் காதில் அந்தக் குரல் தினமும் விழும். ஓர் இரவு அந்தக் குரல் கேட்கவில்லை. விசாரித்தபோது, காவலர்கள் அவரைப் பிடித்துச் சென்று அடைத்துவிட்டதாகத் தெரிந்தது.

குடிகாரன் தொலைந்தான், இனி நிம்மதி என்று இமாம் நினைக்கவில்லை. ஃபஜ்ர் தொழுததும் கோவேறு கழுதையில் ஏறி ஆளுநரிடம் போனார். அண்டை வீட்டுக்காரருக்காகப் பரிந்து பேசினார். இமாமின் மீதிருந்த மதிப்பால், அவரோடு பிடிபட்ட மற்றவர்களையும் சேர்த்தே ஆளுநர் விடுவித்தார். வீடு திரும்பும்போது, உன்னை நாங்கள் வீணாக்கிவிட்டோமா என்று இமாம் அவரிடம் கேட்டார். அந்த ஒரு கேள்வி அவரை உலுக்கிவிட்டது. தவ்பா செய்தார், பழைய வழிக்குத் திரும்பவே இல்லை.

சிறைக்குப் போனவர் மீண்டும் குற்றத்தில் விழாமல் இருக்க என்ன வழி என்று இன்று உலகெங்கும் ஆராய்கிறார்கள். தனக்காக வந்து நிற்க ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

ஆசிரியரின் சிறை, மாணவரின் பதவி

பின்னர் அந்த ஆசிரியரே சிறைக்குச் செல்ல வேண்டிவந்தது. கலீஃபா மன்சூர் அவரைக் காழி பதவி ஏற்கும்படி வற்புறுத்தினார். ஆட்சியாளரின் விருப்பத்துக்கு வளைய வேண்டியிருக்கும் என்று அஞ்சிய இமாம் அபூ ஹனீஃபா மறுத்துவிட்டார். அதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டு, கசையடியும் பட்டார். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் சிறையிலேயே அவர் வஃபாத்தானார் என்பது பரவலான அறிவிப்பு.

அப்போது அபூ யூசுஃபுக்கு வயது 37. ஆசிரியர் மறுத்த அதே பதவி பின்னாளில் அவரைத் தேடி வந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். மஹ்தீ, ஹாதீ, ஹாரூன் ரஷீத் என மூன்று கலீஃபாக்களின் காலத்தில் காழியாக இருந்தார். ஆசிரியரை அடைத்த அதே அரச குடும்பத்திடம் பதவி பெற்றவர் என்ற விமர்சனத்துக்கு இடமிருந்தது. ஆனால் அந்த இடத்தில் அமர்ந்துகொண்டு அவர் யாருக்காகப் பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும்.

வரி நூலில் ஒரு சிறை அத்தியாயம்

நிலவரி முதலான அரசு வருவாய்களை மார்க்கத்தின்படி எப்படி வசூலிப்பது, எப்படிச் செலவிடுவது என்று ஹாரூன் ரஷீத் அவரிடம் கேட்டார். அதற்குப் பதிலாக எழுதப்பட்டதே ‘கிதாபுல் கராஜ்’. வருவாயைப் பற்றிய அந்த நூலில் சிறைவாசிகளுக்கும் அவர் இடம் ஒதுக்கினார். அரசு ஒருவனை அடைத்து வைத்தால் அவனுடைய செலவு அரசின் கணக்கில்தான் வர வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. வசதியற்ற கைதிகளுக்குப் பைத்துல்மாலிலிருந்து உணவளித்த அலீ (ரலி) அவர்களின் நடைமுறையையும், கைதிகள் நின்று தொழ முடியாதபடி விலங்கிடக் கூடாது என்று உத்தரவிட்ட உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கடிதத்தையும் அவர் முன்னோடியாக எடுத்துக்காட்டினார்.

அவர் சொன்ன யோசனைகள் மிகவும் நுணுக்கமானவை. ஒவ்வொரு கைதிக்கும் மாதம் 10 திர்ஹம் வழங்க வேண்டும். அதை ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக் காவலர்கள் எடுத்துக்கொள்வார்கள். எனவே பணமாகவே கொடுக்க வேண்டும். நேர்மையும் இறையச்சமும் உள்ள ஒருவரை இதற்கென நியமிக்க வேண்டும். அவர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக அழைத்துக் கையிலேயே கொடுக்க வேண்டும். விடுதலையானவரின் பங்கு கருவூலத்துக்குத் திரும்ப வேண்டும். கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடை தர வேண்டும். பெண் கைதிகளுக்குத் தலையை மறைக்கும் துணியும் சேர்த்துத் தர வேண்டும். விலங்கோடு பிச்சை கேட்க அனுப்பும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

போரில் பிடிபட்ட இணைவைப்பாளருக்கே உணவளிப்பது கடமை என்றிருக்க, தவறு செய்துவிட்ட ஒரு முஸ்லிமைப் பசியால் சாக விடுவது எப்படிச் சரியாகும் என்று அவர் கலீஃபாவைக் கேட்டார்.

இறந்தவர்களையும் அவர் மறக்கவில்லை. உறவினர் இல்லாத கைதி இறந்துபோனால், உடல் ஓரிரு நாள் அப்படியே கிடக்கும். மற்ற கைதிகள் தங்களுக்குள் காசு சேர்த்து, கூலி கொடுத்துத் தூக்கிப் போகச் செய்வார்கள். குளிப்பாட்டலும் கஃபனும் ஜனாஸா தொழுகையும் இல்லாமலே அடக்கம் நடக்கும். இது இஸ்லாத்துக்கும் முஸ்லிம்களுக்கும் இழுக்கு என்று கண்டித்த அவர், இத்தகையோரின் அடக்கச் செலவைப் பைத்துல்மால் ஏற்க வேண்டும் என்று எழுதினார்.

சிறை ஏன் நிரம்புகிறது?

எல்லாவற்றுக்கும் மேலாக, சிறைகள் நிரம்பி வழிவதன் காரணத்தை அவர் கண்டுபிடித்துச் சொன்னார். கைதிகளின் வழக்குகளை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அடைத்ததோடு அதிகாரிகளின் வேலை முடிந்துவிடுகிறது. எனவே ஆளுநர்கள் நாள்தோறும் கைதிகளின் நிலையை ஆராய வேண்டும். தண்டிக்கப்பட வேண்டியவரைத் தண்டித்து விட்டுவிட வேண்டும். வழக்கே இல்லாதவரை உடனே விடுவிக்க வேண்டும் என்றார்.

ஒருவர் மீது இன்னொருவர் குற்றம் சாட்டிவிட்டார் என்பதற்காக மட்டும் யாரையும் அடைத்துவிடக் கூடாது. இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி விசாரிக்க வேண்டும். சான்று இருந்தால் தீர்ப்பு. இல்லையென்றால் ஒரு ஜாமீன்தாரரைப் பெற்றுக்கொண்டு விட்டுவிட வேண்டும். வெறும் சந்தேகத்தின் பேரில் ஆளுநர்கள் 200, 300 என்று கசையடி கொடுப்பதையும் அவர் ஹராமான செயலாகச் சுட்டிக்காட்டினார். அடித்தும் பட்டினி போட்டும் அச்சுறுத்தியும் பெறும் வாக்குமூலம் செல்லாது என்றார். இவை அனைத்தையும் அவர் எழுதியது அந்த ஆளுநர்களை நியமித்த கலீஃபாவுக்கே.

இறுதி நாட்கள்

ஹிஜ்ரி 182இல் (கி.பி. 798) இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) பக்தாதில் வஃபாத்தானார்கள். மரணத் தறுவாயில் ஒரு பழைய வழக்கை நினைத்து அவர் அழுததாக நூல்கள் கூறுகின்றன. கிறிஸ்தவர் ஒருவர் ஹாரூன் ரஷீதுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. கலீஃபாவுக்கு எதிராகத்தான் அவர் தீர்ப்பளித்தார். ஆனால் விசாரணையின்போது இருவரையும் சமமாக அமர வைக்கவில்லையே என்ற கவலை கடைசிவரை அவரை விடவில்லை.

நமக்கான பாடம்

அவர் எழுதி 1,200 ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.7 லட்சம் பேரில் ஏறத்தாழ 4.3 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் இன்னும் தீர்ப்புப் பெறாதவர்கள். ஜாமீன் கிடைத்தும், பிணை கொடுக்க ஆளில்லாததால் வெளியே வர முடியாத ஏழைகளும் அவர்களில் உண்டு. வருமானம் ஈட்டுபவர் உள்ளே இருக்க, வெளியே ஒரு குடும்பம் கடனில் மூழ்குகிறது. பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது. இந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் வருவதில்லை.

அரசு செய்ய வேண்டியதைக் கேட்டுப் பெறுவது ஒருபுறம் இருக்கட்டும். நம் மஹல்லாவில் சிறைக்குப் போனவர் யார், அவருடைய வீட்டில் அடுப்பு எரிகிறதா, அவருக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா, அவர் திரும்பி வந்தால் வேலை கொடுக்க யாராவது முன்வருவாரா என்று ஜமாஅத்தில் அமர்ந்து பேச நம்மால் முடியும். கோவேறு கழுதையில் ஏறி ஆளுநரிடம் போனாரே இமாம் அபூ ஹனீஃபா, அது பக்கத்து வீட்டுக்காரராக அவர் செய்த வேலைதான். உன்னை நாங்கள் வீணாக்கிவிட்டோமா என்று அவர் கேட்ட கேள்வியை நாமும் கேட்கக் கூடிய ஒருவர் நம் தெருவிலேயே இருக்கக்கூடும்.

அல்லாஹ் அந்த இரு இமாம்களுக்கும் அருள் புரிவானாக! அநியாயமாக அடைபட்டுக் கிடப்போருக்கு விடுதலையையும், தவறிழைத்தோருக்குத் தூய தவ்பாவையும் வழங்குவானாக! ஆமீன்.